அத்தையின் காது மெஷினும் ஆண்டுக் கணக்கும்: தொழில்முறைப் பாதுகாவலரைக் கண்காணிப்பது எப்படி

18 வருடம் நான் செய்தது ஒரே வேலை. தானே முடிவெடுக்க முடியாத பெரியவர்களுக்கு நீதிமன்றம் ஒரு பாதுகாவலரை நியமிக்கும். அவர் வருடத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுப்பார். அந்தக் கணக்கைப் பிரித்து, ரசீதுகளோடு ஒட்டிப் பார்த்து, நீதிபதிக்குக் குறிப்பு எழுதுவேன். மறதி நோய் முற்றியவர்கள், தலையில் அடிபட்டவர்கள், பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்கள் என்று எத்தனையோ பேரின் செலவுக் கணக்கு எனக்குத் தெரியும். ஒருவர் முகமும் தெரியாது. ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம், பக்கவாதம் வந்த என் அத்தைக்கே ஒரு தொழில்முறைப் பாதுகாவலர் வந்தார். நான் எழுதித் தள்ளிய குறிப்புகளில் பாதி, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் எழுதியவை என்று அப்போதுதான் உறைத்தது.

தொழில்முறைப் பாதுகாவலர் என்றால் உறவுக்காரர் அல்ல. கட்டணம் வாங்கிக்கொண்டு, ஒரே சமயத்தில் பலருடைய பணத்தையும் இருப்பிடத்தையும் மருத்துவத்தையும் பார்த்துக்கொள்பவர். வக்கீலாக இருப்பார், கணக்காளராக இருப்பார், சமூகப் பணியாளராகவும் இருப்பார். சொந்தத்தில் யாரும் இல்லை என்றாலோ, இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் நம்பவில்லை என்றாலோ நீதிமன்றம் இவர்களைக் கூப்பிடும். அத்தை விஷயத்தில் இரண்டாவதுதான் நடந்தது. பிள்ளைகள் இருவரும் ஒருவர் பெயரை மற்றவர் ஏற்கவில்லை. நீதிபதி அலுத்துப்போய் வெளியாளைப் போட்டார். நியாயமான முடிவுதான். நேர்மையான பாதுகாவலர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுடைய கணக்கைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆனால் கேள்வி கேட்க முடியாத ஒருவருடைய பணம் அது. கேட்பதற்கு வெளியே ஒரு ஆள் வேண்டும்.

நியமனத்துக்கு முன்

சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2010-இல் ஒரு சோதனை செய்தது. கற்பனையாக இரண்டு ஆட்களை உருவாக்கினார்கள். ஒருவருக்குக் கடன் வரலாறு படுமோசம். இன்னொருவருக்கு இறந்துபோன ஒருவரின் சமூகப் பாதுகாப்பு எண் (அங்கே ஆளை அடையாளம் காட்டும் அரசு எண்). நான்கு மாநிலங்களில் முயன்றார்கள். நான்கிலும் இந்த இல்லாத ஆட்கள் பாதுகாவலர் சான்றிதழ் வாங்கினார்கள், அல்லது அதற்கான தகுதித் தேவைகளைத் தாண்டிவிட்டார்கள். இதை என் மேலதிகாரி ஒரு மதிய இடைவேளையில் வாசித்துக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் பல இடங்களில் கெடுபிடி கூடியிருக்கிறது. ஜெர்மனியில் 2023 ஜனவரி 1 முதல் தொழிலாகச் செய்பவர் அதற்கான அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். துறை அறிவுக்குச் சான்று, குற்றப் பின்னணிச் சான்று, பொறுப்புக் காப்பீடு மூன்றும் காட்ட வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இதற்கென்றே சான்றளிப்பு வாரியம் இருக்கிறது; அங்கே புகாரும் கொடுக்கலாம். புளோரிடா 2016-இல் தனி அலுவலகம் அமைத்தது. சிங்கப்பூரும் 2016-இல் சட்டத்தைத் திருத்தி, கட்டணம் வாங்கும் ஆட்களைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. உங்கள் இடத்தில் அப்படிப் பதிவேடு இருந்தால், பெயர் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வராதீர்கள். ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். பதிவேடே இல்லாத இடம் என்றால், அவர் ஏற்கெனவே பொறுப்பேற்ற வழக்குகளில் கணக்கு நேரத்துக்கு வந்ததா என்று நீதிமன்ற எழுத்தரிடம் விசாரிக்கலாம். கோப்பைக் காட்டாவிட்டாலும் “அவரா…” என்று அவர் இழுக்கும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

அப்புறம் ஆளை நேரில் பார்த்து நான்கு கேள்வி. இப்போது எத்தனை பேருக்குப் பொறுப்பாக இருக்கிறீர்கள்? நீங்கள் விடுப்பில் போனால் ராத்திரி இரண்டு மணிக்கு மருத்துவமனை யாரைக் கூப்பிடும்? மாதத்துக்கு எத்தனை தடவை நேரில் போவீர்கள், நீங்களா உதவியாளரா? நீங்கள் வைக்கும் நர்ஸ் ஏஜென்சியிலோ, விற்கும் வீட்டின் தரகரிடமோ உங்களுக்குப் பங்கு உண்டா? கடைசிக் கேள்விக்குக் கோபப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நல்லவர்கள் கோபப்படுவதில்லை, எழுதியே கொடுத்துவிடுவார்கள்.

ஆணையைப் படியுங்கள்

பெரும்பாலான குடும்பங்கள் செய்யாத வேலை இதுதான். நீதிமன்ற ஆணையில் என்ன அதிகாரம் கொடுத்திருக்கிறது என்று வரி வரியாகப் படியுங்கள். பணத்தைப் பார்ப்பது வேறு, எங்கே வசிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது வேறு, அறுவை சிகிச்சைக்குச் சம்மதிப்பது வேறு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: ஏற்பாடு அந்த நபரின் நிலைக்கு ஏற்ற அளவில்தான் இருக்க வேண்டும், முடிந்தவரை குறுகிய காலத்துக்கு இருக்க வேண்டும், சுதந்திரமான ஓர் அமைப்பு அவ்வப்போது மறுபரிசீலனை செய்ய வேண்டும். பேங்க் வேலைக்கு மட்டும் ஆள் தேவைப்படுகிற ஒருவருக்கு முழு அதிகாரமும் உள்ள பாதுகாவலரைப் போடுவது, பல்வலிக்குப் போனவரைப் பிரசவ வார்டில் சேர்ப்பது மாதிரி.

ஆணை இறுதியாகும் முன் உங்கள் வக்கீல் மூலம் சில வாசகங்களைச் சேர்க்கக் கேளுங்கள். ஆண்டுக் கணக்கின் நகல் உங்களுக்கும் வர வேண்டும். வீட்டை விற்கவோ இடம் மாற்றவோ முன்அனுமதி வேண்டும். உறவினர் வந்து பார்ப்பதைத் தடுக்க வேண்டுமென்றால் காரணத்தை எழுதித் தர வேண்டும். உயிர்காக்கும் சிகிச்சை பற்றிய முடிவு எதுவானாலும் குடும்பத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கடைசி வாசகம் மிகையாகத் தோன்றலாம். புளோரிடாவில் ஒரு தொழில்முறைப் பாதுகாவலர், தன் பொறுப்பில் இருந்தவர்களுக்கு இதயம் நின்றால் மீட்க முயல வேண்டாம் என்ற உத்தரவைக் குடும்பத்தைக் கேட்காமலே போட்டது 2019-இல் வெளியே வந்தது. அடுத்த வருடமே அதற்கு நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று அந்த மாநிலம் சட்டம் கொண்டுவந்தது.

முதல் பட்டியல்

பொறுப்பேற்றதும் பாதுகாவலர் ஒரு சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். எத்தனை நாளுக்குள் என்பது இடத்துக்கு இடம் மாறும். இதுதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். ஆரம்ப இருப்பில் வராத பொருள் காணாமல் போனால், பின்னால் எந்தக் கணக்கிலும் அது தெரியாது. இல்லாத ஒன்று எப்படித் தொலையும்?

அதனால் பாதுகாவலர் பட்டியல் போடும் முன்பே நீங்கள் ஒன்று போடுங்கள். போனை எடுத்து அறை அறையாக நடந்து வீடியோ எடுத்தால் போதும். அலமாரியைத் திறந்து காட்டுங்கள், நகைப்பெட்டியைத் திறந்து காட்டுங்கள், பேங்க் பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தைக் காட்டுங்கள். கண்ணாடி, பல்செட், காது மெஷின், சக்கர நாற்காலி ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள். விலை குறைவு என்று இவற்றை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. தினமும் உயிரோடு சம்பந்தப்பட்டவை இவைதான்.

பிணைத்தொகையையும் இப்போதே சரிபாருங்கள். பாதுகாவலர் பணத்தைத் தின்றுவிட்டால் அதைத் திரும்பத் தரும் காப்பீடு மாதிரி அது. இங்கிலாந்தில் நீதிமன்றம் நியமிக்கும் ஆள் பொதுவாக இப்படி ஒரு பிணை எடுத்த பிறகுதான் வேலையைத் தொடங்க முடியும். சொத்தின் மதிப்பு ஏறினால் பிணையும் ஏற வேண்டும். வீடு விற்ற பணம் கணக்குக்கு வந்த பிறகும் பழைய பிணையே தொடர்ந்த கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

கணக்கை வாசிப்பது

என் தொழில் இது என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், போன வருடத்தின் இறுதி இருப்பும் இந்த வருடத்தின் ஆரம்ப இருப்பும் ஒன்றா என்று பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் பத்தில் ஒருவர்கூட இதைப் பார்ப்பதில்லை என்பது என் அனுபவம். அடுத்தது பேங்க் ஸ்டேட்மென்ட். எல்லாப் பக்கமும் வேண்டும். “12-இல் 4-ஆம் பக்கம்” என்று கீழே அச்சாகியிருக்கும். 5-ஆம் பக்கம் கோப்பில் இல்லையென்றால் கேள்வி கேளுங்கள். ஏடிஎம்மில் பணமாக எடுத்தவற்றைத் தனியே கூட்டுங்கள். முடிவெடுக்க முடியாத ஒருவருக்கு ரொக்கம் எதற்கு, யார் கையில் போனது?

பிறகு, சைபரில் முடியும் முழு எண்கள். வாழ்க்கையில் செலவு என்பது ஒழுங்காக வராது. மருந்துக் கடை பில் எப்போதும் ஒரு கோணல் எண்ணில்தான் முடியும். மாதா மாதம் ஒரே முழுத்தொகை “இதர செலவு” என்று வந்தால், அது செலவழித்த கணக்கா ஒதுக்கிக்கொண்ட கணக்கா என்று கேட்க வேண்டும்.

கட்டணப் பக்கம்தான் சுவாரசியம். மணிக்கணக்கில் கட்டணம் வாங்குபவர் என்றால் அவருடைய நேரக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். ஒரே முதியோர் இல்லத்தில் அவருக்கு ஐந்து பேர் இருப்பார்கள். ஒரு தடவை போய்வந்த பயணத்தை ஐந்து பேர் கணக்கிலும் முழுதாக எழுதியிருக்கிறாரா? மற்றவர் கணக்கு உங்களுக்குக் கிடைக்காது, சரி. ஆனால் “இந்தப் பயணத்தில் வேறு யாரையும் பார்த்தீர்களா, நேரத்தை எப்படிப் பிரித்தீர்கள்?” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஏப்ரல் பார்க்ஸ் என்ற தொழில்முறைப் பாதுகாவலருக்கு 2019-இல் 16 முதல் 40 ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைத்தது. முதியவர்களின் பணத்தைச் சுரண்டியது, திருட்டு, பொய்ச் சத்தியம் எல்லாம் அந்த வழக்கில் உண்டு. அவ்வளவு பெரிய வழக்கிலும் ஒரு முக்கியப் புள்ளி பில்தான்: தேவையில்லாத வேலைக்குப் பில், செய்ததற்கு மேல் பில். அந்த மாநிலம் 2017-இல் சட்டத்தை மாற்றி, பாதுகாவலரின் கீழ் வருபவருக்கு வக்கீல் வைக்கும் உரிமையையும் கணக்கைக் கண்காணிக்கத் தனி அலுவலகத்தையும் கொண்டுவந்தது.

மணிக்கணக்கு இல்லாமல் மாதத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கும் முறையும் உண்டு. ஜெர்மனியில் அப்படித்தான். பில்லை ஊதிப் பெருக்க அங்கே வழியில்லை. ஆனால் வராமலே இருந்தாலும் அதே தொகை. ஆகவே அங்கே கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை மணி நேரம் என்பதல்ல, கடைசியாக எப்போது முகத்தைப் பார்த்தீர்கள் என்பது. இங்கிலாந்தில் வக்கீல்கள் இந்த வேலைக்குப் போடும் பில்லை நீதிமன்றச் செலவு அலுவலகம் ஒன்று தனியாகப் பரிசீலித்துக் குறைக்க முடியும். அப்படி ஒரு வழி உங்கள் இடத்தில் இருந்தால் விடாதீர்கள்.

இன்னொரு விஷயம், யாரும் சொல்லித்தரமாட்டார்கள். நீங்கள் கோபத்தில் பாதுகாவலருக்கு எழுதும் ஒவ்வொரு மெயிலுக்கும் அவர் பதில் எழுதும் நேரம் உங்கள் உறவினரின் பணத்திலிருந்தே போகலாம். ஒரு வழக்கில் அண்ணனும் தங்கையும் போட்டி போட்டு மெயில் எழுதியதற்கே, அம்மாவின் வருடக் கட்டணத்தில் கால் பங்கு போயிருந்தது. கேள்விகளைச் சேர்த்து வைத்து மாதத்துக்கு ஒரே கடிதமாக அனுப்புங்கள்.

கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குப் போங்கள்

அத்தை கதைக்கு வருகிறேன். முதல் ஆண்டுக் கணக்கு கைக்கு வந்ததும் பழைய பழக்கத்தில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். கூட்டல் சரி. ரசீது எல்லாம் இருந்தது. பேங்க் பக்கங்கள் முழுதாக இருந்தன. வேலையில் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் “ஏற்கலாம்” என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பேன்.

கணக்கின் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அத்தையைப் பார்க்கப் போனேன். அவர் இருந்த இல்லம் சுத்தமாகத்தான் இருந்தது. ஜன்னலோரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “அத்தை” என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. நர்ஸ், “அவங்க எதுக்கும் பதில் சொல்றதில்லைங்க, நோய் அப்படி” என்றார்.

பக்கத்திலேயே உட்கார்ந்து கணக்கை வரி வரியாக அறையில் தேடினேன். புதுக் கம்பளிப் போர்வை: கட்டிலில் இருந்தது. நடக்க உதவும் வாக்கர்: மூலையில் இருந்தது. காது மெஷின் பேட்டரி, மாதம் ஒரு பாக்கெட், 12 பாக்கெட். அத்தை காதைப் பார்த்தேன். மெஷின் இல்லை. மேஜை இழுப்பறையில், உலர்ந்த பேனாக்களுக்கும் பட்டன்களுக்கும் நடுவே கிடந்தது. பேட்டரி மூடி திறந்து, உள்ளே இருந்த குட்டிப் பேட்டரி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போயிருந்தது. இழுப்பறைக்குக் கீழே அலமாரியில் பிரிக்காத பேட்டரிப் பாக்கெட்டுகள் அடுக்கி வைத்திருந்தார்கள். எண்ணினேன். ஒன்பது.

திருட்டு எதுவும் நடக்கவில்லை. மருந்துக் கடை மாதா மாதம் அனுப்பியது, இல்லம் வாங்கி அடுக்கியது, பாதுகாவலர் பணம் கட்டினார், ரசீதைக் கோப்பில் வைத்தார். எல்லோரும் அவரவர் வேலையைச் செய்தார்கள். அத்தைக்கு ஒன்பது மாதமாகக் காது கேட்கவில்லை, அவ்வளவுதான். அதைவிட மோசம், பாதுகாவலரின் ஆண்டறிக்கையோடு இணைத்திருந்த மருத்துவக் குறிப்பு: “கேள்விகளுக்கு எதிர்வினை இல்லை, நிலைமை மோசமாகி வருகிறது.” அந்த மருத்துவர் கேள்வி கேட்ட நாளிலும் மெஷின் இழுப்பறையில்தான் இருந்திருக்கிறது.

ஆகவே, நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை இது: கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போங்கள். வாங்கியதாக எழுதிய செருப்பு காலில் இருக்கிறதா? பிசியோதெரபி வாரம் இரண்டு தடவை என்றால், வருகைப் பதிவேட்டில் அந்த ஆள் கையெழுத்து இருக்கிறதா? பல் மருத்துவருக்குப் பணம் போயிருந்தால், பல்செட் வாயில் உட்காருகிறதா? முன்னறிவிப்பு இல்லாமல், வெவ்வேறு நேரத்தில் போங்கள். பார்த்ததைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள்.

புகார் எழுதும் விதம்

“இவர் எங்கள் அம்மாவைக் கொள்ளையடிக்கிறார்” என்று தொடங்கும் கடிதங்கள் எங்கள் மேஜைக்கு வாரத்துக்கு இரண்டு வரும். உண்மையைச் சொன்னால், அவை அடியில்தான் போகும். எடுபடுவது இந்த மாதிரி: “ஆண்டுக் கணக்கு, பக்கம் 7, வரி 12: காது மெஷின் பேட்டரி 12 பாக்கெட். இன்ன தேதியில் நேரில் பார்த்தபோது மெஷின் பயன்பாட்டில் இல்லை. பிரிக்காத 9 பாக்கெட் அலமாரியில் இருந்தன. படம் இணைப்பு. விளக்கம் கோருகிறேன்.” முதலில் பாதுகாவலருக்கே அனுப்புங்கள், பதிலுக்கு ஒரு கெடு சொல்லுங்கள். பதில் வராவிட்டாலோ வந்த பதில் வழுக்கினாலோ, அதே கடிதத்தை நீதிமன்றத்துக்கும் சான்றளிக்கும் அமைப்புக்கும் அனுப்புங்கள். இரண்டும் வேறு. சான்றளிக்கும் அமைப்பு உரிமத்தில் கை வைக்கும். பணத்தைத் திரும்பக் கட்டச் சொல்வதும், ஆளை மாற்றுவதும் நீதிமன்றத்தின் கையில். ஒன்றுக்கு அனுப்பிவிட்டு மற்றது தானாக நடக்கும் என்று காத்திருந்து ஏமாந்தவர்கள் உண்டு.

உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் இந்த வரிசை எல்லாம் வேண்டாம். நேராகக் காவல்துறைக்கோ முதியோர் பாதுகாப்புப் பிரிவுக்கோ போங்கள்.

எங்கள் விஷயத்தில் பாதுகாவலர் நல்லவராகவே இருந்தார். கடிதம் கிடைத்த மூன்றாம் நாள் தானே வந்து அறையைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மெஷினைப் பழுது பார்க்க முடியவில்லை, புதிது வாங்கினார்கள். பொருத்திய அன்று நானும் இருந்தேன். இன்னும் கேட்காது என்ற நினைப்பில் அத்தை காதருகே குனிந்து உரக்கக் கூப்பிட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, பக்கவாதத்தில் குழறும் பேச்சில், “ஏன்டா இப்படிக் கத்துற? காது கேக்குது” என்றார்.

அந்த வாரமே மறுபரிசீலனைக்கு மனு போட்டோம். உங்களுக்கும் அந்த வழி உண்டு; ஆணையில் தேதி குறிப்பிடாவிட்டாலும் நிலைமை மாறியிருப்பதைக் காட்டி மனு போடலாம். வேறு மருத்துவரிடம் மறுபடி பரிசோதனை கேளுங்கள். கண்ணாடி, காது மெஷின், பல்செட் எல்லாம் போட்டிருக்கும்போது, தூக்க மாத்திரையின் கிறக்கம் இல்லாத நேரத்தில் நடக்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதுங்கள். அத்தைக்குப் புது அறிக்கையில், பெரிய தொகைகளைக் கையாள முடியாது, ஆனால் எங்கே இருக்க வேண்டும், யார் வந்து பார்க்க வேண்டும், என்ன சிகிச்சை வேண்டும் என்று சொல்ல முடியும் என்று வந்தது. நீதிபதி ஆணையைச் சுருக்கினார். வீடும் முதலீடும் பாதுகாவலரிடமே இருக்கின்றன. கைச்செலவுப் பணம் மாதா மாதம் அத்தை பெயருக்கு வருகிறது. அந்தக் கணக்கை அத்தை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. எனக்கும் காட்டுவதில்லை.